லுவார் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிள்: கேள்வி பதில்

நடு பிரான்சில் லுவார் ஆற்றையும் அதன் துணையாறுகளான ஷேர், ஆந்த்ர், வியென் ஆகியவற்றையும் ஒட்டிப் பழைய கோட்டைகளும் மாளிகைகளும் நெருக்கமாக அமைந்துள்ளன. சுல்லி முதல் ஷலோன் வரையிலான ஆற்றுப் பகுதியை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே கிராவல் சைக்கிளில், அதாவது சரளை, மண் பாதைகளுக்கு ஏற்ற அகன்ற டயர் கொண்ட சைக்கிளில், செல்ல விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அப்பாதைகளை நன்கறிந்த மூத்த சைக்கிளோட்டி ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: ஆற்றங்கரை நெடுகிலும் வழிகாட்டிப் பலகைகளுடன் சைக்கிள் பாதை இருக்கிறது. அதற்குச் சாதாரண சைக்கிளே போதும் என்கிறார்கள். கிராவல் சைக்கிள் எதற்கு ஐயா?

பதில்: அந்தப் பாதைக்கு மட்டும் என்றால் சாதாரண சைக்கிளே போதும். சுமார் 900 கிலோமீட்டர் நீளும் 'லுவார் ஆ வேலோ' பாதையின் பெரும்பகுதி வாகன நெரிசல் இல்லாத தார்ச்சாலை; எஞ்சியது இறுக்கிப் போட்ட மண்பாதை. ஆனால் இந்த மாளிகைகளில் பல ஆற்றைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. அரசர்களும் பிரபுக்களும் மானையும் காட்டுப்பன்றியையும் வேட்டையாடுவதற்கு வசதியாகக் காட்டின் ஓரத்தில் எழுப்பியவை. வேட்டைக் குதிரைகள் விரைந்து செல்வதற்காகக் காடுகளுக்குள் நேர்கோட்டில் வெட்டப்பட்ட அகன்ற பாதைகள் பல இன்றும் சரளைக் கல்லும் மணலுமாகவே கிடக்கின்றன. ஒரு மாளிகையிலிருந்து அடுத்த மாளிகைக்கு அந்தப் பாதை வழியாகச் செல்பவருக்கு, அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது சொல்லாமலே விளங்கிவிடும். தார்ச்சாலையில் வருபவருக்கு அது வெறும் அழகான கட்டடமாக மட்டுமே தோன்றும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கிராவல் சைக்கிளைப் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: டயர் எந்த அளவு இருக்க வேண்டும்? பஞ்சர் அதிகம் ஆகுமா?

பதில்: 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் நல்லது, ஷாம்போர் மாளிகைக்குத் தெற்கே சொலோஞ் பகுதியின் மணற்பாதைகளில் நுழைவதாக இருந்தால் 45 இன்னும் நல்லது. தூர் நகரைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களின் களிமண்ணில் சிக்கிமுக்கிக் கல் மிகுதி. கற்கால மனிதர் கத்தி செய்யப் பயன்படுத்திய அதே கல்தான். உழவு டிராக்டரின் சக்கரம் ஏறி உடைந்த கற்சில்லின் விளிம்பு கண்ணாடியைப் போல் டயரைக் கீறிவிடும். ஆகவே டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வதுடன், பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளிருந்து வைப்பதற்குப் பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றையும், மாற்று டியூப் ஒன்றையும் பையில் வைத்திருங்கள். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 32 முதல் 36 பி.எஸ்.ஐ. காற்று போதும், சாமான் பை கட்டினால் பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: எந்தத் திசையில் ஓட்டுவது எளிது?

பதில்: ஆறு மேற்கு நோக்கி ஓடுவதால் பலரும் அதன் போக்கிலேயே கிளம்பி நாள் முழுவதும் எதிர்காற்றில் திணறுகிறார்கள். அங்கே பெரும்பாலும் அட்லாண்டிக் கடலிலிருந்து மேற்குக் காற்று வீசும். ஆஞ்சே நகருக்கும் ஒர்லியான் நகருக்கும் இடையில் நில உயர வேறுபாடு சுமார் நூறு மீட்டருக்குள்தான் என்பதால் ஆற்றை எதிர்த்துச் செல்வதில் ஏற்றம் தெரியவே தெரியாது, காற்றுதான் தெரியும். மேற்கிலுள்ள சோமூர் நகரிலிருந்து கிழக்கே கிளம்புங்கள்.

கேள்வி: ஷாம்போர் மாளிகையைச் சுற்றியுள்ள காட்டில் எங்கும் ஓட்டலாமா அண்ணா? அங்கு கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

பதில்: எங்கும் ஓட்ட முடியாது. ஷாம்போர் வளாகம் 5,440 ஹெக்டேர். பாரிஸ் நகரத்தின் பரப்பில் ஏறத்தாழ பாதி. 32 கிலோமீட்டர் மதில் அதைச் சுற்றி ஓடுகிறது. உள்ளே மான்களும் காட்டுப்பன்றிகளும் வாழும் பெரும்பகுதி பொதுமக்களுக்கு மூடப்பட்டது. குறியிட்ட பாதைகளில் மட்டுமே சைக்கிள் ஓட்டலாம். மதிலின் வாயில் ஒன்றில் நுழைந்து மரங்களுக்கிடையே நேராக ஓட்டிச் செல்லும்போது, முதலில் கூரைமேல் நெருக்கியடித்து நிற்கும் கோபுரங்களும் புகைபோக்கிகளும் மட்டும் தெரியும். கட்டடம் பிறகுதான் வரும். 1519இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா தொடங்கிய இந்த மாளிகையில் நானூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தும், அவர் தம் 32 ஆண்டு ஆட்சியில் மொத்தமாகத் தங்கியது சில வாரங்கள் மட்டுமே. வேட்டைக்கு வந்து போக இவ்வளவு பெரிய வீடு! உள்ளே நேரம் குறைவாக இருந்தால், ஏறுபவரும் இறங்குபவரும் நேருக்கு நேர் சந்திக்காமலே செல்லும்படி ஒன்றையொன்று சுற்றிச் செல்லும் இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஏறிக் கூரைக்குப் போய்விடுங்கள். மற்ற அறைகள் பலவும் வெறுமையாகவே இருக்கும். வேட்டை மரபு இன்றும் உயிரோடிருப்பதைக் காண வேண்டுமானால் பக்கத்திலுள்ள ஷெவெர்னி மாளிகைக்குச் செல்லுங்கள். அங்கே சுமார் நூறு வேட்டைநாய்கள் கொட்டில்களில் வளர்க்கப்படுகின்றன. ப்ளுவா நகரிலிருந்து ருஸ்ஸி அரசுக் காட்டின் வழியாகவே ஷெவெர்னியை அடைந்துவிடலாம்.

கேள்வி: வேட்டைக் காலத்தில் காட்டுப் பாதையில் செல்வது ஆபத்தா?

பதில்: வேட்டைக் காலம் ஏறத்தாழ செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை நீடிக்கும். வேட்டை நடைபெறுவதாகப் பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால், வரைபடம் என்ன காட்டினாலும் அங்கே நுழையாதீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை அணியுங்கள். செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஆண் மான்கள் இணை தேடி முழங்கும் காலம். மாலையில் காட்டோரம் நின்றால் அந்தக் குரல் வெகுதூரம் கேட்கும். அம்புவாஸ் காட்டில் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால், பாதை தெரிகிறதே என்று எல்லாவற்றிலும் நுழைந்துவிட முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஷேர் ஆற்றின்மேல் நிற்கும் ஷெனோன்சோ மாளிகையில் எப்போதும் கூட்டம் என்கிறார்கள். தவிர்த்துவிடலாமா?

பதில்: தவிர்க்க வேண்டாம், கரையை மாற்றிக்கொள்ளுங்கள். பேருந்துகள் எல்லாம் ஷேர் ஆற்றின் வட கரையில் நிற்கும். தென் கரையில் மரநிழலில் மண்பாதை ஒன்று செல்கிறது. ஐந்து வளைவுகள் கொண்ட பாலமும் அதன்மேல் பிரெஞ்சு அரசி கேத்தரீன் தெ மெதிசி கட்டிய 60 மீட்டர் நீளக் கூடமும் நீரில் நிழல் விழ நிற்பதை அங்கிருந்து பார்ப்பதே சிறப்பு. காலை ஒன்பது மணிக்கு முன் சென்றால் உங்களோடு மீன்பிடிப்பவர் ஓரிருவர் இருக்கலாம். முதல் உலகப்போரில் அந்தக் கூடம் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஷேர் ஆறே ஜெர்மானியர் பிடியிலிருந்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லையானது. மாளிகையின் வாசல் ஒரு பக்கமும் கூடத்தின் கடைக்கோடிக் கதவு மறுபக்கமும் இருந்ததால், அவ்வழியே பலர் தப்பிச் சென்றார்கள். நீங்கள் சைக்கிளைச் சாய்த்து வைக்கும் தென் கரைதான் அவர்கள் கால் வைத்த கரை.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் எந்த வழியைச் சொல்வீர்கள்?

பதில்: அஸே-லெ-ரிடோவில் தொடங்கி யுஸ்ஸே வழியாக ஷினோன். முப்பது கிலோமீட்டர் அளவிலான இந்த வழியில் மூன்று விதமான கட்டடங்களைப் பார்த்துவிடலாம். அஸே, ஆந்த்ர் ஆற்று நீர் சூழ நிற்கும் மறுமலர்ச்சிக் கால மாளிகை. யுஸ்ஸே, ஷினோன் காட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பது. அதன் பின்புறம் ஏறியதும் காடு தொடங்கிவிடும். ஓக் மரங்களும் பைன் மரங்களும் நிறைந்த இந்த அரசுக் காட்டில் சரளைப் பாதைகள் ஏராளம். பாதையின் குறுக்கே கிடக்கும் தடைக்கம்பம் பொதுவாக மோட்டார் வாகனங்களுக்குத்தான். காட்டைக் கடந்து வியென் பள்ளத்தாக்கில் இறங்கினால், மேட்டின்மேல் நீளமாகக் கிடக்கும் ஷினோன் கோட்டை. வீராங்கனை ஜான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) 1429இல் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லஸைச் சந்தித்தது இங்கேதான். இது வேட்டை மாளிகை அல்ல, போருக்கான கோட்டை. மதிலின் கனத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

கேள்வி: வெயில் காலத்தில் லுவார் ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா? ஆழமே இல்லாததுபோல் இருக்கிறதே?

பதில்: இறங்காதீர்கள். கோடையில் மணல்திட்டுகள் தெரியும் அளவுக்கு நீர் வற்றும் என்பது உண்மை. ஆனால் திட்டின் ஓரம் காலடியில் சரிந்து ஆழத்தில் தள்ளிவிடும். வசந்தத்திலும் கோடையிலும் ஆலாப் பறவைகள் அந்தத் திட்டுகளில் முட்டையிடுவதால் அங்கே செல்லத் தடையும் உண்டு. நீங்கள் ஓட்டிச் செல்லும் உயர்ந்த கரை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் பல தலைமுறைகளாக உயர்த்தப்பட்ட வெள்ளத் தடுப்பு. 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் அதையும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தன. கரையோர ஊர்களின் சுவர்களில் அந்த ஆண்டுகளைப் பொறித்த கோடுகள் உள்ளன. சைக்கிளில் அமர்ந்தபடியே அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கும் கோடுகளும் உண்டு.

கேள்வி: நான் சைவம். வழியில் என்ன கிடைக்கும்?

பதில்: சோமூர் பக்கம் 'ஃபுவே' கேளுங்கள். விறகு அடுப்பில் பூரிபோல் உப்பிவரும் சிறு ரொட்டியைக் கீறி, வெள்ளை அவரை, காளான், ஆட்டுப்பால் சீஸ் ஆகியவற்றை அடைத்துத் தருவார்கள். பன்றி இறைச்சி வைப்பதும் வழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாளிகைகளைக் கட்ட வெள்ளைச் சுண்ணாம்புக் கல் வெட்டிய குகைகளில்தான் இந்த உணவகங்கள் பல நடக்கின்றன. காளான் வளர்ப்பும் அதே குகைகளில்தான். சீஸ் விஷயத்தில் ஒன்று: ஊர்ப்புறச் சீஸ் பலவற்றிலும் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சாற்றைச் சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவம் என்றால் அதையும் விசாரியுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு சிற்றூர்களில் உணவகம் திறந்திருக்காது.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். சைக்கிளை ரயிலில் எடுத்துச் செல்லலாமா?

பதில்: ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஒர்லியான், ப்ளுவா செல்லும் வட்டார ரயில்களில் ஏற்றலாம், ஆனால் இடம் குறைவு. கோடையில் சில தடங்களுக்கு முன்பதிவு கேட்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே சைக்கிளுக்கும் சேர்த்து விசாரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக் காலை ரயிலைத் தவிர்த்து வெள்ளி பிற்பகலிலேயே புறப்படுங்கள்.