மீடியாவிக்கியில் படிவ உள்ளீடு: கேள்வி பதில்

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள்தான் மீடியாவிக்கி. அதை வைத்துத் தளம் நடத்துபவர்களும் அதற்கு நீட்சி (கூடுதல் வசதி தரும் நிரல்) எழுதுபவர்களும் கேட்டவை.

கேள்வி: ரொம்ப நேரம் எழுதிவிட்டுச் சேமித்தால், செஷன் தகவல் தொலைந்துவிட்டது என்று வருகிறது. எழுதியது போச்சா?

பதில்: போகவில்லை. அதே பக்கத்தில் கீழே பாருங்கள், தட்டியது பெட்டியில் அப்படியே இருக்கும். இன்னொரு டேபில் லாகின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி சேமியுங்கள். தொகுப்புப் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத டோக்கன் ஒன்று இருக்கிறது. வேறொரு தளம் உங்கள் பிரவுசர் வழியாக உங்கள் பெயரில் தொகுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. செஷன், அதாவது சர்வர் உங்களை அடையாளம் வைத்திருக்கும் தொடர்பு, காலாவதியானால் டோக்கன் பொருந்தாது, சர்வர் மறுத்துவிடும். மறுத்தாலும் எழுதியதைத் திருப்பித் தருகிறது, பாருங்கள். உங்கள் படிவங்களிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சம்பளம் வாங்காமல் எழுதித் தருபவரின் உழைப்பைத் தொலைப்பதைவிடப் பெரிய பிழை விக்கியில் இல்லை.

கேள்வி: அண்ணா, ரெண்டு பேர் ஒரே பக்கத்தைச் சேமித்தால்?

பதில்: எந்தத் திருத்தத்திலிருந்து தொடங்கினீர்கள் என்ற விவரமும் படிவத்தோடு போகும், தம்பி. இடையில் வேறொருவர் சேமித்திருந்தால் இரண்டையும் இணைக்கப் பார்க்கும். இருவரும் ஒரே வரியில் கை வைத்திருந்தால் இரண்டு பிரதிகளையும் காட்டி உங்களிடமே விட்டுவிடும்.

கேள்வி: வருகிற உள்ளீட்டை உடனே எஸ்கேப் செய்து (பிரவுசர் நிரலாக எடுத்துக்கொள்ளக்கூடிய குறிகளை வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றி) டேட்டாபேஸில் போட்டால் பாதுகாப்புதானே?

பதில்: வேண்டாம். ஒருவர் & என்று தட்டுகிறார். நீங்கள் எஸ்கேப் செய்து சேமித்தால் அது & என்று 5 எழுத்தாகிறது. தொகுப்புப் பெட்டியில் அந்த 5 எழுத்தே தெரியும். அவர் ஒன்றையும் மாற்றாமல் சேமித்தாலும் 9 ஆகிவிடும். விக்கியில் ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் படிவத்துக்குள் வந்து போவதால் இது வளர்ந்துகொண்டே இருக்கும். தட்டியதைத் தட்டியபடி சேமியுங்கள், பக்கத்தில் காட்டும் இடத்தில் எஸ்கேப் செய்யுங்கள். மீடியாவிக்கியும் விக்கி உரையை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கமாக மாற்றும்போதுதான் ஸ்கிரிப்ட் போன்றவற்றைச் செயலிழக்க வைக்கிறது. டேட்டாபேஸ் பக்கத்துக்குத் தனிக் காவல் உண்டு. டேட்டாபேஸுக்கான வினவலை (கட்டளையை) உள்ளீட்டோடு கையால் ஒட்டாமல், மீடியாவிக்கி தரும் டேட்டாபேஸ் ஃபங்ஷன்கள் வழியாக அனுப்புங்கள்.

கேள்வி: தமிழ்த் தலைப்பு கொஞ்சம் நீண்டாலே ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: தலைப்பின் வரம்பு 255 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘விக்கி’ கண்ணுக்கு மூன்று எழுத்து. ஆனால் துணைக்குறிகள், புள்ளி எல்லாம் சேர்த்து 6 குறி, 18 பைட். ஆக மொத்தம் 85 குறிகள்தான் கொள்ளும். பிரவுசரில் போடும் நீள வரம்பு பைட்டை எண்ணாது, சர்வரில் பைட் கணக்கில் சரிபாருங்கள். ‘கொ’ எழுத்தையும் கவனியுங்கள். ஒரு கீபோர்டு அதன் துணைக்குறியை ஒன்றாக அனுப்பலாம், இன்னொன்று முன்னும் பின்னும் இரண்டாக அனுப்பலாம். மீடியாவிக்கி உள்ளீட்டை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவருவதால் இரண்டும் ஒரே தலைப்பாகின்றன. உள்ளீட்டை நேரடியாக பிஎச்பியிடம் (மீடியாவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி) வாங்கினால் இது நடக்காது, மீடியாவிக்கியின் கோரிக்கை ஆப்ஜெக்ட் வழியாகவே வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பேம் பாட்களை (தானாக விளம்பரக் குப்பை போடும் நிரல்களை) தடுக்க எளிய வழி?

பதில்: மீடியாவிக்கியின் தொகுப்புப் படிவத்திலேயே மறைந்த வெற்றுப் பெட்டி ஒன்று உண்டு. மனிதர் கண்ணுக்குப் படாது, எல்லாப் பெட்டியையும் நிரப்பும் பாட் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். சொந்தப் படிவத்திலும் ஒன்று வையுங்கள். திரைவாசிப்பானில் படிப்பவர்களுக்காக ‘இதை நிரப்ப வேண்டாம்’ என்ற லேபிளையும் சேர்த்துவிடுங்கள்.