அலசி அலசி வெள்ளையாக்கிய ஸ்பாஞ்ச்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பையன் கேட்டான் என்று இரண்டு மாதம் முன்பு ரஸ்ஸல் மார்க்கெட் போய் ஒன்றரை அடித் தொட்டி, எட்டு கப்பி மீன், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாம் வாங்கி வந்தோம். நன்றாகத்தான் இருந்தது. போன ஞாயிறு ஸ்பாஞ்ச் காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறதே என்று குழாயடியில் வைத்து, அழுக்கு சுத்தமாகப் போகும்வரை பிழிந்து அலசினேன். சோப்பு போடவில்லை. புதன்கிழமை தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிட்டது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, இரண்டு போய்விட்டன. ஸ்பாஞ்ச் ஃபில்டரே வேஸ்ட், மோட்டார் ஃபில்டர் மாட்டுங்கள் என்கிறார் தெரிந்தவர். மாற்றிவிடவா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் கழுவிவிட்ட அந்தக் காப்பித்தூள் நிறத்தில்தான் ஃபில்டரே இருந்தது. தயிர் தீர்ந்ததும் உறைக்கு ஒரு ஸ்பூன்கூட எடுத்து வைக்காமல் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தால் மறுநாள் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருக்கிறது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. நடுக்குழாயில் காற்றுக்குமிழ் மேலே ஏறும்போது கூடவே தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகிறது, அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவுதான். குப்பையைப் பிடிப்பது இரண்டாவது வேலை. ஸ்பாஞ்சின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியா, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக்கி, அப்புறம் அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகிறது. இந்தக் குடித்தனம் புதுத் தொட்டியில் நிலைக்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், நமக்காகக் கிருமியைக் கொல்வது இந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லத்தான் செய்யும். மிச்சம் மீதியை நீங்கள் பிழிந்தே அனுப்பிவிட்டீர்கள். அம்மோனியா செவுளை எரிக்கும், நைட்ரைட் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறவிடாது, அதனால்தான் மீன்கள் மேலே வந்து திணறுகின்றன.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள், கப்பி பட்டினியால் சாகாது. உங்கள் தொட்டி சுமார் 30 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால், தினமும் 7, 8 லிட்டர் எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு போட்ட தண்ணீரை ஊற்றுங்கள், தொட்டியின் சூட்டுக்கு ஒத்த தண்ணீராக. டிசம்பர் காலையில் பெங்களூர்க் குழாயில் வருவதை அப்படியே ஊற்றினால் மீன் நடுங்கிவிடும். ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு டம்ளர் வாங்கி வந்து உங்கள் ஸ்பாஞ்சின்மேல் ஊற்றுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், இதைவிட நல்ல மருந்து கடையில் இல்லை.

இனிமேல் கழுவும்போது, தண்ணீர் மாற்ற எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே, ஒரு வாளியில் மூன்று நான்கு முறை பிழிந்தால் போதும். வெள்ளையாக வேண்டாம். அதுவும் குமிழோட்டம் மந்தமாகும்போது மட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கண்ணாடி மாதிரி பளபளவென்ற தண்ணீர் வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் தராது, நுண்ணிய தூசு தப்பிவிடும். ஆனால் கப்பி குட்டி போட்டால் மோட்டார் ஃபில்டர் உறிஞ்சி எடுத்துவிடும், ஸ்பாஞ்ச் குட்டியைத் தொடாது. குட்டி, ஸ்பாஞ்ச் மேலே மேய்வதைப் பையனுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி ஏர் பம்ப் சத்தம் தாங்கவில்லை. அணைத்துவிட்டுத் தூங்கலாமா? (மல்லேஸ்வரம் வாசகர்)

பதில்: கூடாது. ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து அதே பாக்டீரியாதான் மடியும். பம்பை நான்காக மடித்த துண்டின்மேல் வையுங்கள், நடுக்குழாயில் காற்றைப் பொடிக் குமிழ்களாக உடைக்கும் சின்ன ஏர் ஸ்டோன் மாட்டினால் 'பொளக் பொளக்' சத்தம் 'சொர்' என்று இறங்கிவிடும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லை டியூபில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு போடுங்கள். நான் இரண்டும் செய்யாமல் விட்டு, மே மாத மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் சொட்டிக்கொண்டிருந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

கேள்வி: 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு கோல்ட் ஃபிஷ். போதுமா?

பதில்: ஃபில்டர் போதும் போதாது என்பது இருக்கட்டும், தொட்டியே போதாது. கோல்ட் ஃபிஷ் வளரும், கழிவும் அதிகம். பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிட்டு ஒரு ஃபைட்டர் மீன் வளருங்கள்.