திண்ணையில் ஒருவர் காத்திருக்கிறார்

கேள்வி: எனக்கு வயது 44. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளாக நூலகத்திலிருந்து நாவல்கள் எடுத்துப் படிக்கிறேன். படித்த பதினொரு நாவல்களைப் பற்றியும் ஒரு நோட்டில் என் கருத்தை எழுதி வைத்திருக்கிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் தனக்கு வந்த மகுடத்தை அருண்மொழி இன்னொருவர் தலையில் வைப்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஐந்து பாகம் படித்தும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று உறுதியாகத் தெரியாதது ஏமாற்றமாக இருந்தது. குடும்ப நாவல்களில் இருநூறு பக்கம் நாயகியை அவமானப்படுத்துகிறவன், கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததும் எல்லாம் சரியாகிவிடுவது எரிச்சலூட்டுகிறது. இதைச் சொன்னால் கணவர், “கதைப் புத்தகத்துக்கு என்ன கருத்து?” என்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்தால் கைப்பேசியிலிருந்து தலையை எடுப்பதில்லை. மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடி, “அது என்ன கதை கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார், கண் மங்கிவிட்டது, வயதும் ஆகிவிட்டது, சொன்னாலும் புரியாது என்பதால் புழு வளர்ப்பு மனைக்குப் போய் உட்கார்ந்து படித்துவிட்டு வருவேன். என்னைப் போன்ற சாதாரண வாசகிக்குக் கருத்துச் சொல்லத் தகுதி உண்டா? கேட்க ஆளில்லாத வீட்டில் படித்து என்ன பயன்?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்.

பதில்: சகோதரி, தகுதி உண்டா என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். பதினொரு நாவல்களுக்குக் கருத்து எழுதி முடித்துவிட்டு அதற்குப் பிறகு அனுமதி கேட்பவருக்கு என் அனுமதி தேவைப்படாது. கணவர் கேட்பதில்லை, மகன் கேட்பதில்லை என்ற குறையும் எனக்குப் புதிதில்லை. இதே குறையை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எத்தனையோ பெண்கள் எழுதிவிட்டார்கள். அவர்களில் யாருடைய கணவரும் என் பதிலைப் படித்துத் திருந்தியதாகத் தகவல் இல்லை.

நான் நின்றுபோன இடம், நீங்கள் நிற்காமல் கடந்துபோன ஒரு வரி. “அது என்ன கதை கண்ணு?” என்று ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து நாள்தோறும் கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புழு மனைக்குப் போய்விடுகிற நீங்கள், கேட்க ஆளில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கதைப் புத்தகத்துக்கு என்ன கருத்து என்று கணவர் உங்களிடம் சொன்னதற்கும், சொன்னாலும் புரியாது என்று நீங்கள் அத்தையைப் பற்றி முடிவு கட்டியதற்கும் என்ன வித்தியாசம்? அவராவது முகத்துக்கு நேராகச் சொன்னார்.

புழு மனைக்குள் நுழையும்போது செருப்பை வெளியே விட்டு, கிருமிநாசினிக் கரைசலில் கால் நனைத்து, கை கழுவிக்கொண்டுதான் போவீர்கள். நான்காவது தோலுரிப்பு முடிந்த பிறகு அந்தப் புழுக்கள் இலையை அரைக்கிற சத்தம் கூரைமேல் மழை பெய்வதுபோல இருக்கும். அந்த ஏழெட்டு நாளும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வேளை தவறாமல் இலை போடுவீர்கள். அத்தைக்கும் வேளை தவறாமல் களியும் சாறும் போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேளைக்குத் தீனி போட்டதோடு கடமை முடிந்தது என்பது புழுவுக்குப் பொருந்துகிற கணக்கு. மாமியாரிடம் உட்கார்ந்து பேசுவதும் மருமகளின் கடமையில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைப் பழைய பஞ்சாங்கம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் கணவருக்கும் அதே கடமை உண்டு, பெற்ற மகன் என்பதால் இன்னும் கூடுதலாகவே உண்டு. கடிதம் எழுதியவர் நீங்கள் என்பதால் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

புரியாது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? உங்கள் பக்கத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. பகலெல்லாம் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவது, கடைசி நாள் காலையில் களத்தில் மண்ணால் ஆன துரியோதனன் வீழ்வது என்று அத்தனையையும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியப் பார்த்து வளர்ந்த தலைமுறை உங்கள் அத்தையுடையது. தந்தைக்காக அரியணை வேண்டாம் என்ற பீஷ்மரையும், சிரித்துக்கொண்டே குடி கெடுத்த சகுனியையும் அறிந்தவருக்கு நந்தினியும் பழுவேட்டரையரும் புரியாமல் போவார்களா? நீங்கள் வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படுகிற கதை, 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க வீடே சுற்றி உட்கார்ந்து கேட்ட கதை. எங்கள் வீட்டில் படித்தவர் என் பெரியம்மா. தேங்காய் துருவிக்கொண்டிருந்த பாட்டி, சுவையான இடம் வந்தால் அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாராம்.

இனி உங்கள் கருத்துகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அவற்றை மதித்துத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மகுடத்தை விட்டுக்கொடுப்பது நம்பும்படி இல்லை என்கிறீர்கள். உத்தம சோழர் ஆண்ட பிறகுதான் 985-இல் அருண்மொழி, அதாவது ராஜராஜர், அரசரானார் என்பது வரலாறு. அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் கற்பிக்க வேண்டிய கட்டாயம் கல்கிக்கு இருந்தது, அவர் தியாகத்தைத் தேர்ந்தெடுத்தார். நீங்களாக இருந்தால் என்ன காரணம் வைத்திருப்பீர்கள் என்று எழுதியிருந்தால் அது முழுமையான கருத்தாக இருந்திருக்கும். கொலையாளி விஷயத்திலும் அப்படித்தான். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. எதற்காகக் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. கல்லிலேயே பாதிதான் இருக்கிறது என்னும்போது கதாசிரியர் மீதியை மூடி வைத்ததை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். குடும்ப நாவல் நாயகர்களைப் பற்றிய உங்கள் கோபத்தில் மட்டும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்கு மனமில்லை.

இன்னொன்று. கண் மங்கிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது பருவம் தப்பிய மழையைப் பற்றி எழுதுவதுபோல இருக்கிறது. யார் பார்த்துச் சொன்னது? முதியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது புரை. அது முற்றட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் அறுவை செய்து, உள்ளே லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள். சர்க்கரையாலோ கண்ணின் அழுத்தத்தாலோ வந்த மங்கலாக இருந்தால் தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் நட்டம், அதனால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். வீடு தேடி மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் உங்கள் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணிடம் கேட்டாலே எங்கே போக வேண்டும் என்று சொல்வார். இப்போதைய பட்டுக்கூட்டை அங்காடியில் போட்டுவிட்டு, அடுத்த புழு முட்டைக்குச் சொல்வதற்கு முன் அத்தையைத் தருமபுரிக்கு அழைத்துப் போங்கள்.

அதுவரை நீங்கள் படியுங்கள், அவர் கேட்கட்டும். ‘பொன்னியின் செல்வ’னில் ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயங்கள். விளக்கு வைத்த பிறகு இரவுக்கு ஒன்றாகப் படித்தால், புழு வேலை மிகுந்த நாட்களைக் கழித்தாலும் ஓராண்டில் முடிந்துவிடும். முதல் அத்தியாயம் ஆடிப் பதினெட்டில், கரை புரண்டு நிற்கும் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மடக்கி, அத்தை தன் இளவயதில் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருக்கிறாரா, யாரோடு போனார், என்ன கட்டிக்கொண்டு போனார் என்று கேளுங்கள். அன்று கதை அதற்கு மேல் நகராது, பரவாயில்லை. நோட்டில் பன்னிரண்டாவது கருத்து எழுதும்போது அது நந்தினியைப் பற்றி அத்தை சொன்னதாக இருக்கட்டும். அதை எனக்கும் அனுப்புங்கள்.