துபாய் ஏர் டாக்ஸியில் குடும்பத்தோடு நம்பி ஏறலாமா?

கேள்வி: துபாயில் ஏர் டாக்ஸி, அதாவது மின்சாரத்தில் செங்குத்தாக எழும்பிப் பறக்கும் சிறு வாடகை ஊர்தி, வரப்போகிறது என்கிறார்கள். காரில் முக்கால் மணி நேரம் ஆகும் விமான நிலையம் – பாம் ஜுமைரா தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாமாம். குழந்தைகளோடு நம்பி ஏறலாமா?

பதில்:

நீங்கள் துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்ப்பவர், மாலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்து சலித்துப்போனவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் 22 ஆண்டுகள் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேவை தொடங்கிய முதல் ஆண்டில் நான் ஏற மாட்டேன். அதன் பிறகு, சில விஷயங்களை விசாரித்துவிட்டு ஏறுவேன். பழைய ஹெலிகாப்டர்காரர்களுக்குப் புதியது எதுவும் பிடிக்காது என்று இங்கே சிலர் எழுதக்கூடும். அவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் இதன் நன்மைகள். துபாய் சாலைப் போக்குவரத்து ஆணையம் 2024-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட ஜோபி நிறுவனத்தின் ஊர்தியில் ஒரு பைலட்டும் நான்கு பயணிகளும் அமரலாம். ஆறு ப்ரொப்பெல்லர்களும் மின்மோட்டாரில் சுழல்கின்றன. ஹெலிகாப்டரில் நாங்கள் இரவு பகலாகக் காவல் காத்த பெரிய கியர் பாக்ஸ், வாலில் சுழலும் சிறு விசிறியான வால் ரோட்டருக்கு ஓடும் நீளமான தண்டு, எரிபொருள் குழாய்கள் எதுவும் இதில் இல்லை. ஒரு மோட்டார் நின்றாலும் மற்றவை தாங்கும்படி வடிவமைக்கிறார்கள், சத்தமும் மிகவும் குறைவு. இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். சென்னை ஐஐடியில் தொடங்கிய ஈபிளேன் நிறுவனமும் இதே துறையில் உழைக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

என் கவலை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல 2009-ஆம் ஆண்டு மழைக்காலத்துக்குப் போக வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஒரு தளத்திலிருந்து, கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பணி எங்களுடையது. ஒரு நாள் மாலை கடைசிப் பயணம் முடியும் நேரத்தில், வால் ரோட்டர் கியர் பாக்ஸுக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்ததாகப் பைலட் லாக் புக்கில் எழுதியிருந்தார். அந்தக் கியர் பாக்ஸுக்குள் சிப் டிடெக்டர் என்று விரல் நுனி அளவில் ஒரு காந்தத் திருகு இருக்கும். உள்ளே எந்த இரும்பு தேய்ந்தாலும் அதன் துகள் எண்ணெயோடு வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் பசை போல் சிறிது வந்தது. அது வழக்கமான தேய்மானம்தான். துடைத்து மாட்டி, தரையிலேயே ஹெலிகாப்டரை ஓடவிட்டுச் சோதித்து, விடியற்காலையில் மறுபடி கழற்றினேன். இந்த முறை துணியில் ஒரு செதில் மின்னியது. நெத்திலி மீனின் செதிலைவிடச் சிறியது. ஆனால் விரலால் தடவினால் ஓரம் நெருடியது. கையேட்டில் அனுமதித்த அளவை அது தாண்டியிருந்தது.

வெளியே பன்னிரண்டு பேர் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் 14 நாள் வேலை முடித்தவர்கள் ஊர் திரும்பக் காத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் வானிலை மோசமாகும் என்று முன்னறிவிப்பு. மேலாளர் ஹேங்கருக்கு வந்து அந்தத் துணியைப் பார்த்தார். "இவ்வளவுதானா? ஒரு ட்ரிப் போய்விட்டு வரட்டுமே, வந்ததும் மாற்றிவிடலாம்" என்றார். அவர் கெட்டவர் அல்லர்; அவருக்கும் மேலே இருந்து போன் வந்துகொண்டிருந்தது. பறக்கலாம் என்று நான் கையெழுத்துப் போடவில்லை. கியர் பாக்ஸ் மாற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பயணம் இரண்டு நாள் தள்ளிப்போனது. கழற்றிய கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்த பட்டறையிலிருந்து, பேரிங் வளையத்தின் பரப்பு உரியத் தொடங்கியிருந்தது என்று அறிக்கை வந்தது. அது இன்னும் ஐந்து மணி நேரம் தாங்கியிருக்குமா, நூறு மணி நேரம் தாங்கியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து, மேடையில் வெல்டராக இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் கேன்டீனில் என்னைப் பார்த்து, "உங்களாலதான் தம்பி, என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போற ரயிலை விட்டேன்" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

அந்த ஆண்டு எனக்கு ஊதிய உயர்வு வரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பல ஆண்டுகள் தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கி, ஒவ்வொரு கையெழுத்துக்கும் சட்டப்படி பொறுப்பேற்கும் எங்களை, உறவினர்கள் முதல் அதிகாரிகள் வரை "மெக்கானிக்" என்றுதான் அழைக்கிறார்கள். ஏர் டாக்ஸி பற்றி வரும் செய்திகளில் வேகம், கட்டணம், முதலீடு எல்லாம் இருக்கின்றன. இரவில் அதைச் சோதிக்கப்போவது யார் என்று ஒரு வரி கூட நான் படித்ததில்லை.

கியர் பாக்ஸ் இல்லாவிட்டால் அந்தச் செதிலும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஜோபியின் சோதனை ஊர்தி விழுந்ததற்கு ப்ரொப்பெல்லர் இலை முறிந்ததே தொடக்கம். 2023 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தில் வெர்டிகல் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஊர்தி விழுந்தபோதும் ஓர் இலை பிரிந்து போயிருந்தது, ஒட்டுப்பசையில் குறை. இரண்டிலும் உள்ளே ஆள் இல்லை, தரையிலிருந்து இயக்கினார்கள், யாருக்கும் காயமில்லை. குறைகளைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை என்பதால் அவற்றை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பசைக்குள் தொடங்கும் விரிசலைக் காட்ட காந்தத் திருகு கிடையாது. அதைத் தேடிப் பார்க்க ஆளும் கருவியும் நேரமும் வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஹெலிகாப்டரில் இஞ்சின் நின்றால், விழும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே பெரிய ரோட்டரைச் சுழற்றும். இறகு வைத்த முருங்கை விதை சுழன்று இறங்குவதைப் போல, தேர்ந்த பைலட் அதை இறக்கிவிடுவார். சிறிய ப்ரொப்பெல்லர்களுக்கு அந்த வரம் இல்லை. இறக்கை உள்ள ஊர்திகள் வேகத்தில் இருக்கும்போது மிதந்து இறங்கலாம். செங்குத்தாக ஏறும், இறங்கும் அந்தச் சில நொடிகளில் மோட்டார்களையும் பேட்டரியையும் மட்டுமே நம்ப வேண்டும். பேட்டரியோ, இறங்கும் நேரத்தில்தான் மிகக் குறைந்த சார்ஜில் இருக்கும், அப்போதுதான் அதனிடம் மிக அதிகமான சக்தியைக் கேட்கிறோம். துபாயின் ஆகஸ்ட் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே எடையைத் தூக்கவே கூடுதல் சக்தி வேண்டியிருக்கும்.

ஒழுங்குமுறை அமைப்புகள் இதையெல்லாம் அறியாதவை அல்ல. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, நகரங்களின் மேல் பயணிகளைச் சுமக்கும் ஊர்திகளுக்கு, பேரழிவில் முடியும் கோளாறு 100 கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்று பெரிய விமானங்களுக்கான அளவுகோலையே வைத்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றிக் காட்டத் துடித்த வோலோகாப்டர் என்ற ஏர் டாக்ஸி நிறுவனத்துக்கு, ஊர்தி பயணிகளோடு பறக்கப் பாதுகாப்பானது என்ற சான்று உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அது திவால் மனு போட்டது. அந்த ஊழியர்களுக்காக வருந்துகிறேன். ஆனாலும் உலகமே பார்த்துக்கொண்டிருந்த விழாவுக்காகக் கூடச் சான்று வழங்குவோர் வளைந்து கொடுக்கவில்லை என்பதே, இந்தத் துறையைப் பற்றி எனக்கு நம்பிக்கை தந்த செய்தி.

சான்று ஒரு முறை பெறுவது. பராமரிப்பு தினமும் நடப்பது. 1977 மே 16 அன்று நியூயார்க்கில் பான் ஆம் கட்டடத்தின் 59 மாடிகளுக்கு மேலிருந்த தளத்தில், சான்று பெற்று ஆண்டுக்கணக்கில் பறந்த ஹெலிகாப்டர் ஒன்று, ரோட்டர் சுழல, பயணிகளை ஏற்றிக்கொண்டு நின்றது. அப்போது உலோகச் சோர்வால் சக்கரக் கால் முறிந்து அது பக்கவாட்டில் சாய்ந்தது. ரோட்டர் இலைகள் மேல்தளத்தில் நால்வரைக் கொன்றன. உடைந்த துண்டு ஒன்று கீழே விழுந்து, தெருவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணும் இறந்தார். அந்தத் தளத்தை அத்துடன் மூடிவிட்டார்கள்.

ஆகவே சேவை தொடங்கியதும், ஓர் ஊர்தி ஒரு நாளில் எத்தனை முறை பறக்கிறது, இரண்டு பறத்தல்களுக்கு நடுவே எத்தனை நிமிடம் நிற்கிறது, கோளாறு என்று எத்தனை முறை ரத்தாகிறது என்று அங்கே இருக்கும் நண்பர்களிடம் விசாரியுங்கள். ஒரு ஆண்டில் ஒரு ரத்து கூட இல்லை என்றால் நான் ஏற மாட்டேன். குழந்தைகளோடு நீங்கள் போய் நிற்கும் நாளில் தொழில்நுட்பக் காரணத்தால் ரத்து என்று அறிவித்தால், தயவுசெய்து கவுண்டரில் சண்டை பிடிக்காமல் ஒரு டாக்ஸி பிடித்துப் போங்கள். உள்ளே ஒருவர் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார்.