ஒரே ஓர் இறகை வைத்துப் புதிய ஈ இனம் என்று சொல்லலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "களிப்பாறைத் தகடு ஒன்றைப் பிளந்தபோது சுமார் 7 மி.மீ. நீளத்தில் ஓர் ஈயின் இறகு கிடைத்தது. உடல் இல்லை. நரம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. நான் தேடிப் பார்த்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதிய இனம் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

சொல்லலாம், ஒற்றை இறகை வைத்தே பெயரிடப்பட்ட தொல் ஈக்கள் நிறைய உண்டு. ஆனால் படங்களோடு பொருந்தவில்லை என்பது மட்டும் போதாது. இன்று வாழும் ஈக்களிலேயே பெயர் வைக்கப்பட்டவை 1,50,000-க்கும் மேல், தேடிக் கிடைக்கும் படங்கள் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதனால் இனத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு, எந்தக் குடும்பம் என்பதிலிருந்து தொடங்குங்கள். நரம்புகள் மிக நன்றாகப் பேசுவது அந்த இடத்தில்தான்.

நரம்புகளுக்குப் பெயரிடும் முறையை 1898-99 வாக்கில் காம்ஸ்டாக், நீதம் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் வகுத்தார்கள், இன்றும் அடிப்படை அதுதான். முன் விளிம்பில் காஸ்டா, அடுத்து சப்காஸ்டா, பிறகு ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், கடைசியில் ஏனல். இவற்றை இணைப்பவை குறுக்கு நரம்புகள், நரம்புகளுக்கு இடையே அடைபட்ட பரப்பு அறை. உங்கள் இறகில் ரேடியஸின் எத்தனை கிளைகள் விளிம்பைத் தொடுகின்றன, நடுவில் மூடிய அறை இருக்கிறதா, ஏனல் நரம்பு ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். இரண்டு ஏனல் நரம்புகள் விளிம்புவரை ஓடினால் நீளக்கால் கொண்ட கிரேன் ஈக்களின் பக்கம் பார்க்கலாம். இரண்டாவது குட்டையாக இருந்து சட்டென்று வளைந்தால் அது குளிர்கால கிரேன் ஈக்களின் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியஸின் ஐந்து கிளைகளும் தனித்தனியே விளிம்பைத் தொட்டால் டானிடெரிடே என்ற பழமையான குடும்பத்தை நினைக்க வேண்டும்.

ஓர் அறை மட்டுமே எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ட்செட்ஸி ஈதான் எனக்குப் பிடித்த உதாரணம். அதன் இறகின் நடு அறை கோடாலி வடிவில் இருக்கும், வேறெந்த ஈயிலும் அப்படி இருக்காது. அமெரிக்காவின் கொலராடோவில் ஃபுளோரிசன்ட் என்ற இடத்தில் சுமார் 3.4 கோடி ஆண்டு பழமையான படிவுகளில் கிடைத்த ஓர் ஈயை முதலில் வேறு வகை என்றே விவரித்திருந்தார்கள். அது ட்செட்ஸி என்று பிறகு பூச்சியியலாளர் காக்கரெல் கண்டுகொண்டார். இன்று ஆப்பிரிக்காவில் வாழும் ஈ ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் பறந்திருக்கிறது, அதையும் நமக்குச் சொல்வது இந்த நரம்புகள்தான்.

இப்போது கண் ஏமாறும் இடங்கள். பாறையில் தெரியும் கோடெல்லாம் நரம்பு இல்லை, இறகு மடிந்த கோடும் அப்படியே தெரியும். மடிப்பு மற்ற நரம்புகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே ஓடும், உண்மையான நரம்பு எங்கிருந்தோ கிளைத்து எங்கோ சேரும். நல்ல பதிவாக இருந்தால் நரம்பின்மேல் முடி முளைத்த நுண்குழிகள்கூட வரிசையாகத் தெரியும். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் வெளிச்சம் விழவிட்டுப் பாருங்கள். சப்காஸ்டா பள்ளமாகவும் ரேடியஸின் முதல் கிளை மேடாகவும் இருப்பது ஈக்களின் வழக்கம், தகட்டின் மறுபாதியில் இது தலைகீழாக இருக்கும். எந்த நரம்பு எது என்று குழம்பும்போது இந்த மேடுபள்ளம் பெரிய உதவி. ஒரு துளி ஆல்கஹால் விட்டால் நரம்புகள் பளிச்சென்று எழும், ஆனால் சில களிப்பாறைகள் ஈரம் பட்டதும் உதிர்ந்துவிடும், முதலில் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: மலர் ஈக்களின் இறகில் ரேடியஸுக்கும் மீடியாவுக்கும் நடுவே பொய் நரம்பு ஒன்று உண்டு. அது வெறும் தடிப்புதான், ஆனால் அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டுவதே அதுதான்.

குடும்பம், பேரினம் வரை வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனத்துக்கு வரும்போதுதான் அவசரப்படக் கூடாது. ஒரே ஈயின் இடது இறகும் வலது இறகுமே சில சமயம் வேறுபடும். ஒன்றில் குறுக்கு நரம்பு விட்டுப்போயிருக்கும், மற்றொன்றில் தேவையில்லாமல் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். ஆய்வகங்களில் வளர்க்கும் டிரோசோஃபிலா என்ற சிறிய பழ ஈயில் ஒரே ஒரு மரபணு மாறினாலே குறுக்கு நரம்புகள் மறைந்துபோகின்றன. அந்த ஈ கல்லில் பதிந்து நம் கையில் கிடைத்திருந்தால் புதிய இனம் என்றே எழுதியிருப்போம். எனவே ஒரே ஒரு வேறுபாட்டை நம்ப வேண்டாம். சப்காஸ்டா முடியும் இடம், கிளை பிரியும் இடம், நடு அறையின் நீள அகலம் என்று ஒன்றையொன்று சாராத மூன்று நான்கு வேறுபாடுகள் வேண்டும், அவற்றை விகிதமாக அளக்க வேண்டும். பாறையே ஒரு பக்கமாக இழுபட்டிருக்கலாம், அதே தகட்டில் வேறு பூச்சிகளும் இலைகளும் அதே திசையில் நீண்டு தெரிந்தால் உங்கள் விகிதங்களையும் திருத்தித்தான் ஆக வேண்டும்.

ஒப்பிடும்போது பழைய விவரிப்புகளின் எழுத்துக் குறியீடுகளை அப்படியே நம்பாதீர்கள். ஒரே நரம்பை ஒருவர் கியூபிட்டஸின் முதல் கிளை என்பார், இன்னொருவர் மீடியாவின் நான்காவது கிளை என்பார். குறியீட்டை விட்டுவிட்டு வரைபடத்தை வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். உங்கள் இறகையும் கையால் வரையுங்கள், இரண்டு பாதிகளையும் தனித்தனியாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், இரண்டிலும் இருப்பது எது, உங்கள் கண்ணாக இட்டுக்கட்டியது எது என்று தெரிந்துவிடும்.

மிகச் சிறிய ஈயாக இருந்து நரம்புகள் மூன்று நான்காகக் குறைந்திருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் ஆணின் பிறப்புறுப்பைப் பார்க்காமல் இனம் பிரிப்பது வீண் முயற்சி. பெயரிடும் கட்டம் வந்தால், 1999-க்குப் பிறகான விலங்குப் பெயரீட்டு விதிப்படி மூலமாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) எது என்றும் அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஆகவே உங்கள் தகடு ஒரு பொதுச் சேகரிப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும், கிடைத்த இடத்தையும் எந்த அடுக்கு என்பதையும் இன்றே குறித்து வையுங்கள். பிளந்தபோது கழன்ற மறுபாதியில் எதுவும் தெரியவில்லை என்று போட்டுவிட்டு வந்திருந்தால், முடிந்தால் திரும்பப் போய்த் தேடுங்கள்.