அம்மாவின் சுளகும் என் இயற்பியல் புத்தகமும்

வணக்கம் மேடம்,

தென்காசி மாவட்டத்தில் ஒரு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள குரூப். மார்ச்சில் பொதுத்தேர்வு. பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தேன். இந்த அரையாண்டில் 600க்கு 438. இயற்பியலில் 52.

அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை. அம்மா பீடி சுற்றுகிறார்கள். காலையில் சுளகை (முறத்தை) மடியில் வைத்தால் ஒரு நாளைக்கு 1000 பீடி. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு. போன வருஷம் வரை ராத்திரியில் நான் முனை மடக்கிக் கொடுப்பேன். இப்போது தொடவே விடுவதில்லை. "நீ போய்ப் படிளா, நான் பார்த்துக்கிடுதேன்" என்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால் இலை நறுக்குகிற கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்கிறது. அம்மாவின் ஆள்காட்டி விரல் நகம் தேய்ந்து பாதிதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

பார்ப்பவர்கள் எல்லாரும் "அடுத்து என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். டீச்சர், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நீட் எழுது என்கிறார். மாமா நர்சிங் என்கிறார். அப்பா போனில், "உனக்கு எது பிடிக்குதோ அதைப் படிம்மா" என்றார். அன்றைக்குத்தான் அதிகமாக அழுதேன். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. தெரியாமல் ஒன்றை எடுத்து, அது தப்பாகிவிட்டால் அம்மா சுற்றியதெல்லாம் வீண்தானே?

எனக்குப் பிடித்து நான் செய்வது ஒரு நோட்டு எழுதுவதுதான். பீடிக் கடையில் தந்த இலை எத்தனை கிராம், எத்தனை பீடி வந்தது, எத்தனை கழிவு என்று தினமும் குறிப்பேன். இலை மோசமாக வந்த நாட்களில் நாங்கள் காசு கொடுத்து வெளியில் இலை வாங்கியிருக்கிறோம். அந்தக் கணக்கை அம்மா கடையில் காட்டிய பிறகு கொஞ்சம் கூட்டித் தந்தார்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

மூன்று மணிக்கு மேல்தான் தூக்கம் வருகிறது. சில நாள், காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

- ஒரு மாணவி

*

அன்புள்ள மகளுக்கு,

நீ கடைசியாக எழுதியதில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டுகிறதா, அடிக்கடி வருகிறதா? உயிரை விட்டுவிடலாம், அதற்கு ஏதாவது செய்யலாம் என்று யோசித்ததுண்டா? இப்படி நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. வெளியே சொன்னால் பாரம் குறையும், அதனால்தான் கேட்கிறேன். இந்தப் பதிலைப் படித்ததும் 14416க்கு ஒரு போன் செய். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணம் வலுத்தால் இரவு எத்தனை மணியானாலும் அம்மாவை எழுப்பு. உன் அம்மா அதற்குக் கோபப்பட மாட்டார் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. மூன்று மணி வரை தூங்காமல் கிடக்கிற பிள்ளைக்கு இயற்பியல் ஏறாது, அது மூளைக் கோளாறும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. தூக்கம் இரண்டு வாரத்தில் சீராகாவிட்டால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீட்டைப் பற்றி ஒரு வரி, நர்சிங்கைப் பற்றி ஒரு வரி. அம்மாவின் விரலைப் பற்றி எழுதும்போதுதான் உன் கை நிற்கவே இல்லை. எந்தப் படிப்பு என்ற குழப்பத்தைவிட, அம்மா பட்ட பாட்டுக்கு ஈடு கட்ட முடியுமா என்ற பயம்தான் உன்னை அழுத்துகிறது என்று நினைக்கிறேன். கடன்காரி போல உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எப்படிக் கண்ணில் படும்? அப்பா "உனக்குப் பிடித்ததைப் படி" என்று சொன்ன அன்று நீ அதிகம் அழுததும் இதனால்தான். மற்றவர்கள் சொன்னதைப் படித்துத் தோற்றால் பழியைப் பங்கு போடலாம். நீயே எடுத்தால் மொத்தமும் உன் தலையில் விழும் என்று பயந்துவிட்டாய்.

பதினேழு வயதில் எது பிடிக்கும் என்று தெரியாமல் இருப்பது குறையே இல்லை. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் இளைஞர்களின் அடையாளத் தேடலை நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடிப் பார்க்காமலே பெரியவர்கள் காட்டியதை ஏற்றுக்கொண்டு உறுதியாக இருப்பது ஒரு நிலை. முடிவுக்கு வராமல் தேடித் தவிப்பது இன்னொன்று. முதலாவது பார்க்க நிம்மதியாக இருக்கும், உன்னுடையது பார்க்கத் தடுமாற்றமாக இருக்கும். ஆனால் தேடிவிட்டு எடுக்கிற முடிவில்தான் ஆள் ஊன்றி நிற்க முடியும். எனக்கு உன் தவிப்பின் மேல் மரியாதை இருக்கிறது.

சும்மா சொன்னேன் என்று எழுதினாயே, அந்த நோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் சொல்லாமல், மார்க் கிடைக்காது என்று தெரிந்தும், தினமும் எடை குறித்து, கழிவைக் கழித்து, எங்கே நஷ்டம் என்று கண்டுபிடித்திருக்கிறாய். அதை அம்மா கடை வரை கொண்டுபோகிற அளவுக்குத் தெளிவாகவும் எழுதியிருக்கிறாய். அதனால் நீ கணக்குத் துறைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். புள்ளியியலும் இதுதான், பொருளாதாரமும் இதுதான், ஒரு வார்டில் நோயாளியின் காய்ச்சலை மணிக்கு மணி குறித்து மாற்றத்தைக் கண்டுபிடிக்கிற நர்சின் வேலையும் இதுதான். பிடித்தது எது என்று தேடும்போது, அதையும் ஒரு தடயமாக வைத்துக்கொள்.

இனி நடைமுறை. நீட் ஒன்றுதான் வாசல் என்று யாரோ உன்னை நம்ப வைத்திருக்கிறார்கள். 2024இல் மட்டும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு அது. ஆசை இருந்தால் எழுது, ஆசையில்லாமல் பயத்துக்காக எழுதாதே. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை, பொறியியல் எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் வழி. உன் குரூப்பில் கணிதமும் இருப்பதால் பொறியியலும் உனக்குத் திறந்திருக்கிறது. கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படிப் படித்த மாணவிகளுக்கு, தமிழ்நாட்டில் கல்லூரியில் பட்டம் படிக்கும்போது, அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். வருமானச் சான்று, சாதிச் சான்று, உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று, இவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே எடுத்து வை. மே மாதம் கூட்டம் தாங்காது.

மே மாதம் நீ எடுப்பது அடுத்த மூன்று, நான்கு வருஷத்துக்கான முடிவு மட்டும்தான். பி.எஸ்சி. முடித்து பி.எட். போனவர்கள், பொறியியல் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசு வேலைக்கு வந்தவர்கள் உன் ஊரிலேயே இருப்பார்கள். தேடிப்போய் மூன்று பேரிடம் பேசு. படித்தது என்ன, இப்போது செய்வது என்ன, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேள். கல்லூரி விளம்பரம் எதிலும் கிடைக்காத செய்தி அதில் இருக்கும்.

அம்மாவிடமும் பேச வேண்டும். படிப்பைப் பற்றி அல்ல. ஞாயிற்றுக்கிழமை இலையை நனைத்து வைத்திருக்கும் நேரத்தில், பத்து நிமிஷம் நானும் முனை மடக்கித் தருகிறேன் என்று சொல். வேண்டாம் என்பார். "உங்க பக்கத்துல உட்காரணும் போல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார். பிறகு, "நான் நினைச்ச மாதிரி வரலைன்னா உங்களுக்கு வீணாப் போச்சுன்னு தோணுமா?" என்று கேட்டுவிடு. அவர் சொல்லப்போகும் பதிலை நான் ஊகித்துச் சொல்லக் கூடாது. உன் மனதுக்குள் நீயாக எழுதி வைத்திருக்கிற பதிலை அவர் வாயால் இன்னும் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இயற்பியலை இரவில் எடுக்காதே. காலை ஐந்தரைக்கு, கத்தரிக்கோல் சத்தம் தொடங்கும் முன், ஒரு மணி நேரம் போதும். ஆனால் முதல் வேலை 14416. பேசிய பிறகு எனக்கு எழுது. அன்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்பதையும் சேர்த்து எழுது.