கிரிலோடு கேட்பதா, கழற்றிவிட்டுக் கேட்பதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பீக்கர் கிரில், அதாவது ஸ்பீக்கரின் முன்பக்கத்தை மூடும் உறை, பற்றியவை. ஒரே கேள்வி பல கைகளில் வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்பீக்கரின் மாடல் பெயரே இல்லாமல் எழுதியவர்கள் நிறையப் பேர். ஸ்பீக்கர் பெட்டியின் (கேபினெட்) பின்பக்கம் லேபிள் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு வரி எழுதினால் எனக்கும் பதில் சொல்ல எளிது, உங்களுக்கும் பயன்.

கேள்வி: கிரிலைக் கழற்றினால் ஒலி தெளிவாகும் என்கிறார்கள். துணி ஒலியைத் தடுக்கிறதா?

துணி அல்ல, துணியைத் தாங்கும் சட்டம்தான் தொல்லை. கிரிலுக்கென்றே நெய்த துணி ஒலியை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுவிடும். சட்டத்தின் கனத்தைப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். 10,000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமே மூன்றரை சென்டிமீட்டர்தான். உயர்ந்த சுருதி ஒலிகளை எழுப்பும் சிறிய உறுப்பான ட்வீட்டரிலிருந்து பக்கவாட்டில் பரவும் ஒலி அந்த விளிம்பில் பட்டுச் சிதறி, நேராக வரும் ஒலிக்குச் சற்றுப் பிந்தி உங்கள் காதுக்கு வருகிறது. இரண்டும் சேருமிடத்தில் சில அதிர்வெண்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் போகும். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இது ஒன்று, இரண்டு டெசிபெல் அளவு. டிரம் செட்டின் சிம்பல் தட்டு எழுப்பும் பளபளப்பிலும், பாடகரின் 'ஸ' ஒலியிலும் கூர்ந்து கேட்டால் தெரியும். குரலின் கனத்திலும் பேஸிலும் எதுவும் தெரியாது.

ஆகவே கேட்க உட்காரும்போது கழற்றுங்கள், எழுந்ததும் மாட்டுங்கள். இன்னும் சில பதில்களிலும் இதையே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஸ்பீக்கரின் கையேட்டில் கிரிலோடு கேட்கச் சொல்லியிருக்கிறது. நண்பர் கழற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கையேட்டை. எல்லா ஸ்பீக்கரும் ஒரே நினைப்பில் செய்யப்படுவதில்லை. 1970-களில் பிபிசி தன் ஒலிப்பதிவு வேலைக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய மானிட்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். அதன் முன்பலகை சற்று உள்ளே தள்ளி இருக்கும், சுற்றிலும் கேபினெட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒலியை அடக்கத்தான் ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள் ஒட்டியிருக்கிறார்கள். கிரில் அந்தக் குழிக்குள் அமைப்பாகப் போய் உட்காரும். இப்படிக் கிரிலையும் கணக்கில் சேர்த்துச் செய்த ஸ்பீக்கரில் அதைக் கழற்றினால் மேல் ஸ்தாயி சற்று உரத்துப் போகலாம். அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் தொடர்ந்து கேட்டுப் பார்த்தால் காது சலித்துவிடும்.

கேள்வி: ஆழமான பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபருக்கும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். இரண்டு சென்டிமீட்டர் சட்டம் அதை என்ன செய்துவிடும்?

கேள்வி: ட்வீட்டரின் மேலேயே ஒரு சிறு கம்பிவலை நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமா?

தொடவே தொடாதீர்கள். அது கிரில் அல்ல, ட்வீட்டரின் ஒரு உறுப்பு. அது இருக்கும்போதுதான் ஒலியை அளந்து, எந்த ஒலி எந்த உறுப்புக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை அமைத்திருப்பார்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த உறவினர் ட்வீட்டரை விரலால் அழுத்திவிட்டார். அதன் நடுவில் குமிழ்போல் இருக்கும் டோம் உள்ளே குழிந்துவிட்டது. வாக்குவம் கிளீனரை வைத்து இழுத்தால் வெளியே வந்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா?

செய்யாதீர்கள். டோமை அசைக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) தலைமுடியளவு மெல்லிய கம்பியில் சுற்றியது. அது காந்தத்தின் இடுக்கில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் ஒட்டிய டோமை ஒரு இயந்திரத்தை வைத்து உறிஞ்சினால், குழி நிமிரலாம். அதோடு அந்தச் சுருள் கோணிக்கொண்டு இடுக்கில் உரசவும் தொடங்கலாம். டோம் முழுதாகப் பிய்த்துக்கொண்டு வந்த ட்வீட்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

டோம் உலோகமா துணியா என்று நீங்கள் எழுதவில்லை. பதில் அதைப் பொறுத்தது. பட்டுத் துணி டோம் என்றால் ஓரளவு நம்பிக்கை உண்டு. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பிசின் குறைந்த டேப்பைக் குழியின் மேல் மெதுவாகப் படியவைத்து நேராக இழுத்துப் பாருங்கள். ஒருமுறை, இரண்டுமுறை, அதற்கு மேல் வேண்டாம். நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் பழைய ஒலியே கிடைக்கும். அலுமினியம், டைட்டானியம் என்றால், மடிந்த தகடு மடிந்ததுதான். நிமிர்த்தினாலும் மடிப்புக் கோடு நிற்கும், டோமின் விறைப்பு அந்த இடத்தில் போய்விடும். புது ட்வீட்டர் வாங்கி மாற்றுவதே வழி. பெரிலியம் டோம் உடைந்திருந்தால் கதையே வேறு. துண்டுகளைக் கையால் எடுக்காதீர்கள், ஊதாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. முன்பக்கத்தை டேப்பால் மூடிவிட்டுத் தயாரிப்பாளரிடம் பேசுங்கள்.

(பேஸ் ஒலியை எழுப்பும் பெரிய உறுப்பான வூஃபரின் நடுவில் இருக்கும் மூடி, டஸ்ட் கேப், குழிந்ததென்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கும், ஒலிக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. விட்டுவிடுங்கள்.)

இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. பழியைக் குழந்தைகள் மேல் போடுகிறோம். என்னிடம் பழுதுக்கு வந்த ட்வீட்டர்களில் பாதிக்குமேல் பெரியவர்களின் விரல் பட்டவை. என் வீட்டிலேயே நடந்தது. கிரிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனேன். வந்திருந்த விருந்தாளி, விவரம் தெரிந்த மனிதர், "இது இரும்பா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்திவிட்டார். அரை நொடி வேலை. அதே ட்வீட்டர் கிடைக்க நான்கு மாதம் ஆனது. புதியதும் பழையதும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை, கடைசியில் இரண்டையுமே மாற்றினேன். பளபளவென்று வட்டமாக ஒன்று கண்ணுக்கு எதிரே இருந்தால் மனிதக் கை தானாகப் போகும். விற்பனைக் கூடங்களில் கிரில் இல்லாமல் அடுக்கிவைத்து அந்தப் பழக்கத்தை நாமே வளர்த்துவிட்டோம். ஒன்றிரண்டு டெசிபெல்லுக்காகக் கழற்றியது, ஒரு விரலால் ட்வீட்டரையே பறித்துக்கொண்டு போகிறது. கேட்டு முடித்ததும் மாட்டுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும், வீட்டில் ஆள் இருந்தால், மாட்டிவிட்டுப் போங்கள்.

கேள்வி: காந்தத்தில் ஒட்டும் உலோகக் கிரில். மாட்டும்போது ட்வீட்டர் பக்கம் வெடுக்கென்று இழுக்கிறது. சாதாரணமா?

ட்வீட்டரின் காந்தமும் எஃகுக் கிரிலை இழுக்கத்தான் செய்யும். கை நழுவினால் கிரிலே டோமில் போய் மோதும். இரண்டு கையாலும் பிடித்து, கீழ் விளிம்பை முதலில் பதித்து, பிறகு மேல் பகுதியைச் சாயுங்கள். ஒரு கையில் போன், மறு கையில் கிரில் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதையும் இழுக்கும்.

கேள்வி: கழற்றும்போது பிளாஸ்டிக் முளை ஒன்று முறிந்து துளைக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஒரே மூலையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். நான்கு மூலையையும் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்த வேண்டும். முறிந்த துண்டில் ஒரு சிறு திருகாணியை லேசாக ஏற்றி இடுக்கியால் இழுங்கள், வந்துவிடும். அந்த மூலைக்கு வெல்க்ரோ துண்டு போதும்.

கேள்வி: அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் ஸ்பாஞ்ச் கிரில். தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அப்படியே விடலாமா?

கூடாது. 1970-களின் ஜேபிஎல் எல்100-இல் கட்டம் கட்டமாக வந்ததே, அந்த வகை நுரை எதுவும் காலத்துக்கும் நிற்காது. காற்றின் ஈரமே அதைத் தின்றுவிடும். பொடி, வூஃபரில் அதிரும் கூம்பான கோனில் ஒட்டும், ட்வீட்டரின் இடுக்கிலும் புகும். ஸ்பீக்கரை முகம் குப்புறச் சாய்த்துப் பிடித்து, பொடி கீழே விழும்படி கிரிலை எடுங்கள். மிச்சத்தை மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம். அப்படியே வூஃபரின் சரவுண்டையும், அதாவது கோனைச் சுற்றியுள்ள நெகிழும் வளையத்தையும், பாருங்கள். அதுவும் நுரையாக இருந்தால் பத்து, இருபது ஆண்டில் அதற்கும் இதே கதிதான். விரிசல் தெரிந்தால் சரவுண்டை மாற்றும்வரை சத்தமாக வைக்காதீர்கள்.

கேள்வி: கிரில் துணி கிழிந்துவிட்டது. வீட்டில் இருக்கும் துணியைப் போடலாமா?

வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபக்கம் இருக்கும் உள்ளங்கையில் காற்று தடையில்லாமல் பட வேண்டும். படவில்லையென்றால் அது ஆகாது. இழுத்து ஒட்டும்போது தறியின் கோடு கோணாமல் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பேஸ் சுரத்தில் மட்டும் 'ர்ர்ர்' என்று அதிர்கிறது.

கிரிலைக் கழற்றிவிட்டு அதே பாட்டை வையுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி கிரில், சட்டம் தொடும் இடத்தில் மெல்லிய கம்பளித் துண்டு ஒட்டுங்கள். நிற்கவில்லையென்றால் ஜன்னல் கண்ணாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

கேள்வி: கிரிலைக் கழற்றியும் ஒலி மந்தமாகவே இருக்கிறது. ஸ்பீக்கர்கள் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி இருக்கின்றன.

கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருக்கலாம். ட்வீட்டர் உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிரிலைப் பற்றி என்ன பேச? உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு ஏற்றுங்கள், தட்டின் முன் விளிம்புவரை இழுங்கள், உங்கள் பக்கம் சற்றுத் திருப்புங்கள். கிரிலை மாட்டிவிடுங்கள். இது முடிந்ததும் எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு வித்தியாசம் தெரிகிறதா, மனப்பிரமையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றில் கிரில் போடுங்கள், மற்றதில் வேண்டாம். இரண்டையும் அருகருகே வைத்து ஒலியை மோனோவாக்குங்கள், இரண்டிலும் ஒரே ஒலி வரட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, வேறொருவர் பேலன்ஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பட்டும். பத்து முறையில் எட்டு, ஒன்பது முறை சரியாகச் சொன்னால் கிரிலை இடம் மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். அப்போதும் கிரில் இருக்கும் பக்கத்தைச் சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்குத் தெரிகிறது.

கேள்வி: வீட்டில் இரண்டு பூனைகள். கழற்றலாமா?

வேண்டாம். நகம் பட்டால் துணியை மாற்றிக்கொள்ளலாம், கோனை அப்படி மாற்ற முடியாது.